மலை ஏறும் காருக்கு எந்த கியர் ஆயில்?

கேள்வி இதுதான். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுக்கு தினமும் ஏறி இறங்கும் ஹூண்டாய் ஐ10. 70,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, கியர் ஆயில் இதுவரை மாற்றவில்லை. காலையில் இரண்டாவது கியர் இறுக்கமாக விழுகிறது, சில நேரம் கடிக்கிறது. வண்டியோடு வந்த கையேட்டில் 75டபிள்யூ-85, ஜிஎல்-4 என்று போட்டிருக்கிறது. உள்ளூர்க் கடைகளில் அது இல்லை. "80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஊத்திக்கலாம், அஞ்சு நாலை விட உசத்திதான், மலைக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்கிறார் மெக்கானிக். ஊற்றலாமா?

வேண்டாம். அந்த ஆயில் மட்டமானது என்பதால் இல்லை. அது வேறு வேலைக்குத் தயாரானது.

ஜிஎல் (கியர் லூப்ரிகன்ட்) என்பதற்குப் பின்னால் வரும் எண் தரவரிசை இல்லை. எந்த மாதிரியான பல்லுக்கு அந்த ஆயில் என்பதைத்தான் அது சொல்கிறது. பொலேரோ, ஈக்கோ, எஸ்டேட் ஜீப் போன்ற பின்சக்கர ஓட்டமுள்ள வண்டிகளில் பின் அச்சில் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் இருக்கும். பினியன் நடுக்கோட்டில் இருக்காது, சற்றுக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். இதற்கு ஹைபாய்டு பல் என்று பெயர். இந்தப் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதோடு சேர்ந்து நீளவாக்கில் தேய்த்துக்கொண்டும் போகும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழிந்துவிடும். அப்போது எஃகும் எஃகும் ஒட்டிப் பிடிக்காமல் இருக்க கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்க்கைகள் வேண்டும். அவை சூட்டில் எஃகோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய காப்புப் பூச்சை உண்டாக்கும். ஜிஎல்-5 ஆயிலில் இந்தச் சேர்க்கை ஜிஎல்-4இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உங்கள் ஐ10இல் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுழற்றுவது சாய்வுப் பல், ஹைபாய்டு கிடையாது. ஜிஎல்-5இல் அதிகமாக இருக்கும் அந்தச் சேர்க்கைக்கு இந்தப் பெட்டிக்குள் செய்ய வேலையே இல்லை. இருக்கிற ஒரே வேலை கெடுப்பதுதான், அதுவும் சிங்க்ரோ ரிங்கை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், உங்கள் தொல்லையே இங்கேதான் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுக்கு வந்ததும் மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்கிறீர்கள். அந்த நேரத்தில் இரண்டாவது கியரின் பல்சக்கரம் ஒரு வேகத்திலும், அதைப் பிடிக்கப்போகும் ஸ்லீவ் வேறு வேகத்திலும் சுற்றுகின்றன. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது பித்தளை மாதிரியான உலோகத்தில் செய்த ஒரு வளையம், அதுதான் சிங்க்ரோ ரிங். நீங்கள் கியர் கம்பியைத் தள்ளும்போது அந்த வளையம் பல்சக்கரத்தின் கூம்பின் மேல் அழுந்தி, உராய்வால் அதன் வேகத்தை ஏற்றுகிறது. வேகம் ஒத்துப்போகும் வரை ஸ்லீவை அது உள்ளே விடாது. ஒத்துப்போனதும் வழிவிடும், கியர் வெண்ணெய் மாதிரி விழும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: பல்லுக்கு வழுக்கல் வேண்டும், சிங்க்ரோ ரிங்குக்குப் பிடி வேண்டும். ஒரே ஆயில் இரண்டுக்கும் ஈடுகொடுத்தாக வேண்டும். ரிங்கின் உட்பக்கத்தில் நுண்ணிய வரிகள் வெட்டியிருப்பார்கள். கூம்பின் மேலிருக்கும் ஆயிலை வழித்துத் தள்ளிவிட்டு உலோகம் உலோகத்தைப் பிடிப்பதற்காக அந்த வரிகள். ஆயில் தேவைக்கு மேல் வழுக்கினாலும் பிடி கிடைக்காது, தேவைக்கு மேல் கெட்டியாக இருந்து வரிகளின் வழியே சட்டென்று வெளியேறாவிட்டாலும் பிடி கிடைக்காது. பிடி கிடைக்காமல் நீங்கள் அழுத்தித் தள்ளும்போது பல்லோடு பல் மோதுவதைத்தான் கியர் கடிக்கிறது என்கிறோம். ஒவ்வொரு கடியிலும் ரிங்கின் பல் முனை கொஞ்சம் மழுங்கும். மழுங்கியது திரும்ப வளராது. கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து ரிங் மாற்றுவது ஒன்றுதான் வழி, அந்தக் கூலிக்குப் பல தடவை நல்ல ஆயில் வாங்கலாம்.

இரண்டாவது கியர் முதலில் முரண்டு பிடிப்பதற்கும் காரணம் உண்டு. மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் சரிக்கட்ட வேண்டிய வேக வித்தியாசம் மேல் கியர்களில் இருப்பதை விட அதிகம். மலைப்பாதையில் அதிகம் போடுவதும் அதைத்தான். கம்பம்மெட்டுச் சாலையோ போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளோ, ஒவ்வொரு வளைவும் அந்த ஒரு ரிங்கிடம் வேலை வாங்குகிறது.

ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை அரித்துப்போகும் என்று ஒரு பேச்சு உண்டு. பழைய ஆயில்களுக்கு அது பொருந்தும். சூட்டில் அவற்றின் கந்தகம் செம்பு கலந்த உலோகத்தைத் தாக்கும். இன்றைய நல்ல ஆயில்களில் கந்தகத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் அரிப்புப் பயம் குறைந்திருக்கிறது. வழுக்கல் பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஆயில் கம்பெனியின் தரவுத் தாளில் செம்புத் தகடு அரிப்புச் சோதனை என்று ஒரு வரி இருக்கும். அதில் 1ஏ அல்லது 1பி இருந்தால் அரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்தது கெட்டி. "மலைக்குக் கெட்டி ஆயில்" என்ற நம்பிக்கை லாரிகளிலிருந்தும் பழைய ஜீப்பிலிருந்தும் வந்தது. கியர் ஆயிலின் 90, என்ஜின் ஆயிலின் 40க்குக் கிட்டத்தட்ட சமம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு, 90 என்பதால் 40ஐ விட இரண்டு மடங்கு கெட்டி என்று ஆகாது. டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண் சூட்டில் இருக்கும் கெட்டியைச் சொல்வது, அதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்ஸ். 100 டிகிரி செல்சியஸில் 85 என்ற வகுப்பு 11 முதல் 13.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, 90 என்ற வகுப்பு 13.5 முதல் 18.5 வரை. சூட்டில் இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. தூரம் குளிரில்தான் தெரியும்.

டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிர்கால நடத்தையைச் சொல்வது. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ மைனஸ் 26இலும், 85டபிள்யூ மைனஸ் 12இலும் ஒரு குறிப்பிட்ட கெட்டிக்கு மேல் போகக்கூடாது. இடுக்கியில் மைனஸ் 26 ஏது என்று கேட்கலாம். அந்தச் சோதனையில் தேறுவதற்காகச் செய்த ஆயில், மார்கழி விடியலில் வண்டன்மேட்டில் இருக்கும் குளிரிலும் மற்றதை விட இளக்கமாக இருக்கும். அதுதான் நமக்குப் பயன். சாதாரண மினரல் 80டபிள்யூ-90 ஆயில் 40 டிகிரியில் 130, 140 சென்டிஸ்டோக்ஸ் காட்டும். சிந்தெடிக் 75டபிள்யூ-90 பெரும்பாலும் 100ஐ ஒட்டியே நிற்கும். குளிர் ஏற ஏற இந்த இடைவெளி அகலும். காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் கியர் முரண்டு பிடித்து, பிறகு சரியாகிறது என்றால் அந்தக் கெட்டிதான் ஆள்.

இனி உங்களுக்கு என்ன வாங்குவது என்று பார்ப்போம். முதல் தேர்வு கையேடு சொல்வதேதான்: 75டபிள்யூ-85, ஜிஎல்-4. சில்லறை ஆயில் கடையில் இது கிடைப்பது அரிது. ஹூண்டாய் ஸ்பேர்ஸ் கவுண்டரில் மேனுவல் டிரான்ஸ்மிஷன் ஆயில் என்று கேளுங்கள், வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் பார்ட் நம்பர் பார்த்து எடுத்துத் தருவார்கள். ஒரு நாள் காத்திருந்து வரவழைத்தாலும் நஷ்டமில்லை.

அது கிடைக்கவே இல்லை என்றால் இரண்டாவது தேர்வு சிந்தெடிக் 75டபிள்யூ-90, ஜிஎல்-4. இங்கே டின்னின் முகப்பை மட்டும் பார்த்து வாங்காமல் கம்பெனியின் தரவுத் தாளையும் பாருங்கள், பெரும்பாலும் இணையத்திலேயே இருக்கும். 100 டிகிரியில் 14, 14.5 என்று காட்டும் 75டபிள்யூ-90, உங்களுக்குச் சொன்ன 85க்கு அடுத்த வீடுதான். 17, 18 காட்டுவது அதே 90 வகுப்பில் இருந்தாலும் உங்களுக்குத் தேவையில்லாத கெட்டி. 75டபிள்யூ-80 மட்டும்தான் கிடைக்கிறது, வண்டியில் ஓரிருவர்தான் போகிறீர்கள் என்றால் 100 டிகிரியில் 10க்கு மேல் காட்டும் ஒன்றை எடுக்கலாம். ஐந்து பேரும் மூட்டையுமாகத் தினமும் ஏறும் வண்டிக்கு என் கை 90 பக்கம்தான் போகும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் வண்டி மெதுவாக நகரும்போது பெட்டியின் மேல் காற்று அதிகம் வீசாது, ஆயில் சூடேறி இளகும்.

டின்னைப் படிக்கும்போது ஏமாற்றும் சில குறிகள் உண்டு. "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்டிருந்தால் அதை ஜிஎல்-5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க்ரோ உள்ள மேனுவல் கியர் பாக்ஸுக்கு உகந்தது என்று கம்பெனி வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஜிஎல் எண்ணே இல்லாமல் மில்-எல்-2105டி, மில்-பிஆர்எஃப்-2105இ, எஸ்ஏஇ ஜே2360 என்று இருந்தால் அதுவும் ஜிஎல்-5 குடும்பம். எம்டி-1 என்பது சிங்க்ரோ இல்லாத கனரக லாரி, பஸ் கியர் பாக்ஸுக்கானது. பெயரில் எம்டி இருக்கிறதே என்று காருக்கு எடுக்காதீர்கள். எல்எஸ் என்று இருந்தால் அதில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்காக வழுக்கல் சேர்க்கை கூடுதலாக இருக்கிறது, சிங்க்ரோவுக்கு அது பகை. வெறும் "இபி 90" என்று இருந்தால் எந்த ஜிஎல் என்று தெரியும்வரை வாங்க வேண்டாம். பேரலிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கியர் ஆயிலோடு கலக்கச் சொல்லி விற்கும் டிரீட்மென்ட் பாட்டில்களும் அப்படித்தான், சிங்க்ரோவின் பிடியைக் குறைப்பது தவிர அவற்றால் உங்களுக்கு வரப்போவது எதுவும் இல்லை.

ஆயில் வாங்கும் முன் குற்றவாளி ஆயில்தானா என்று பார்த்துவிடுங்கள். என்ஜினை அணைத்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது லேசாக விழுந்து, ஓடும்போது எல்லா கியரும் இறுகி, ரிவர்ஸ் கரகரவென்று கடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிள் அட்ஜஸ்ட்மென்டையும் பிளேட்டையும் பாருங்கள். என்ஜின் நின்றிருக்கும்போதே கம்பி இறுக்கமாக இருந்தால் ஷிஃப்ட் கேபிள் அல்லது புஷ் பக்கம் கோளாறு. நியூட்ரலில் ஒரு முனகல், கிளட்சை மிதித்ததும் அது நிற்கிறது என்றால் பேரிங். இவை மூன்றையும் எந்த ஆயிலும் தீர்க்காது. ஒரே ஒரு கியர், அதுவும் குளிரில் மட்டும் கடிக்கிறது என்பதால்தான் உங்கள் விஷயத்தில் ஆயில் மாற்றுவது சரியான முதல் படி. சூடான பிறகும் இரண்டாவது கியர் கடித்தால் ரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். புது ஆயில் கடியைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது.

மாற்றும் முறைக்கு வருவோம். ஐ10 பெட்டிக்குச் சுமார் 1.9 லிட்டர் பிடிக்கும், உங்கள் மாடலின் சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் வாங்கினால் போதும். டிரெய்ன் போல்ட்டுக்கும் ஃபில்லர் போல்ட்டுக்கும் புது வாஷர் வாங்கிவிடுங்கள். பழைய வாஷர் ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான்.

வண்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள், அப்போதுதான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். பிறகு சமதளத்தில் நிறுத்துங்கள். மலைப்பக்க ஷெட்களில் தரை கொஞ்சம் சரிந்திருக்கும், இதைக் கவனிக்காமல் விட்டால் அளவே தப்பும். முன்பக்கம் மட்டும் ஜாக்கியில் ஏற்றினாலும் அப்படித்தான். லிஃப்ட் அல்லது சர்வீஸ் குழி நல்லது, இல்லையென்றால் நாலு சக்கரமும் ஒரே உயரத்தில் நிற்கும்படி ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

முதலில் கழற்ற வேண்டியது மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட். அது கழன்றது உறுதியான பிறகே கீழே டிரெய்ன் போல்ட்டில் பானாவை வையுங்கள். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, ஃபில்லர் போல்ட் துருப்பிடித்து நகர மறுத்தால் வண்டி ஆயில் இல்லாமல் அங்கேயே நிற்கும். இந்த வரிசையை மாற்றி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

நன்றாக வடிய கால் மணி நேரமாவது விடுங்கள். டிரெய்ன் போல்ட்டின் முனையில் காந்தம் இருந்தால் அதை விரலால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல் வழுவழுவென்று ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம், 70,000 கிலோமீட்டருக்கு அது இருக்கத்தான் செய்யும். நகத்தில் இடறுகிற செதில் வந்தால் பல் அல்லது பேரிங் உடைகிறது. பித்தளைத் தூள் காந்தத்தில் ஒட்டாது, எனவே வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறப் பொடி மினுமினுத்தால் அது சிங்க்ரோ ரிங்கிலிருந்து வந்தது. லேசாக மினுங்கினால் பயப்பட வேண்டியதில்லை, தங்க மை மாதிரி கலங்கி வந்தால் ரிங் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

டிரெய்ன் போல்ட்டைப் புது வாஷரோடு கையால் மரை பிடிக்கவைத்து, பிறகு டார்க் ரெஞ்சால் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பெட்டி அலுமினியம். பைப் மாட்டி மிதித்து இறுக்கினால் மரை உரிந்துவிடும். சில கம்பெனிப் பெட்டிகளில் வாஷர் இருக்காது, மரையில் சீலன்ட் தடவச் சொல்வார்கள். எது என்று பார்த்துச் செய்யுங்கள்.

ஃபில்லர் துளை பக்கவாட்டில் இருப்பதால் நேராக ஊற்ற முடியாது. மேலிருந்து ஒரு நீள டியூபும் புனலும், அல்லது பெரிய சிரிஞ்சு போன்ற கையடி பம்ப் வேண்டும். துளையின் கீழ் விளிம்பு வரை ஏறி, ஆயில் நூலாக வெளியே வழிய ஆரம்பிக்கும்போது நிறுத்துங்கள். வழிவது நின்றதும் போல்ட்டை மூடலாம். உள்ளே போனது எவ்வளவு என்று டின்னைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். 1.9 பிடிக்க வேண்டிய பெட்டி 1.4இலேயே வழிந்தால் வண்டி சாய்ந்து நிற்கிறது அல்லது பழைய ஆயில் முழுக்க வடியவில்லை.

குறைவாக ஊற்றினால் என்ன ஆகும்? இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் ஐந்தாவது கியர் முக்கியப் பெட்டிக்கு வெளியே, ஓரத்து மூடிக்குள் இருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் காய்வது அதுதான், நெடுஞ்சாலையில் ஐந்தாவதில் மட்டும் முனகல் கேட்கும். கூடுதலாக ஊற்றினால் பற்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் டிரைவ் ஷாஃப்ட் சீல் வழியாகவும் கசியும். நல்லது என்று நினைத்து அரை லிட்டர் கூட ஊற்றுவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

மாற்றிய பிறகு ஒரு வாரம் ஓட்டிவிட்டு போல்ட் இரண்டிலும், டிரைவ் ஷாஃப்ட் உள்ளே போகும் இடத்திலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே யாராவது ஜிஎல்-5 ஊற்றியிருந்தால் அதற்காகப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். வடித்துவிட்டு ஜிஎல்-4 ஊற்றுங்கள். பழையதில் கொஞ்சம் உள்ளேயே தங்கும். ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகும் இரண்டாவது கியர் திருந்தவில்லை என்றால் இன்னொரு முறை மாற்றலாம். என்ஜின் ஆயிலோ டீசலோ ஊற்றிக் கழுவ வேண்டாம்.

இதே பாதையில் ஓடும் மற்ற வண்டிக்காரர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. பொலேரோ, ஈக்கோ, இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றில் கியர் பாக்ஸ் ஆயில் தனி, கிரவுன் ஆயில் தனி. நாலு சக்கர ஓட்டமுள்ள ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு மூன்றாவது ஆயில் உண்டு. கிரவுனுக்கு ஜிஎல்-5 கட்டாயம், அங்கே ஜிஎல்-4 ஊற்றினால் பல் தேயும். "எல்லாத்துக்கும் ஒரே ஆயில்" என்று ஒரே டின்னிலிருந்து மூன்றுக்கும் ஊற்றச் சம்மதிக்காதீர்கள். ஹோண்டா கார்களுக்கு அந்தக் கம்பெனியின் சொந்த எம்டிஎஃப் (மேனுவல் கியர் பாக்ஸ் ஆயில்) தான், அது 90ஐ விட மிக இளக்கம். கிளட்சையும் கியரையும் தானே போட்டுக்கொள்ளும் ஏஎம்டி வண்டிகளின் உள்ளே இருப்பது மேனுவல் பெட்டிதான், ஆகவே இங்கே சொன்ன கியர் ஆயில் கணக்கே பொருந்தும். கிளட்சையும் கியரையும் இயக்கும் ஹைட்ராலிக் ஆயில் வைத்த ஏஎம்டிகளில் அந்த ஆயில் வேறு. சிவிடி, டார்க் கன்வர்ட்டர் போன்ற முழு ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு இந்தப் பதிலில் எதுவும் பொருந்தாது.

கையேட்டில் கியர் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்கிற மாதிரி எழுதியிருந்தால் அது சாதாரண ஓட்டத்துக்கு. தினமும் மலை ஏறி, கியரிலேயே இறக்கும் வண்டிக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என் கணக்கு. அதற்கு விதிவிலக்கு மழைக்காலம். சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்தைக் கடந்திருந்தால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். சூடான பெட்டி தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே இழுவை உண்டாகி பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அந்த வாரமே ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி, விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் நிறம் தெரிந்தால் உடனே வடித்துவிடுங்கள். வடித்த பழைய ஆயிலை ஏலத்தோட்டத்து ஓடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் கேனில் அடைத்து, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.